ராட்டினமும் தயிர்சாதமும்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழன் எவனாக இருந்தாலும் சரி, கோடை லீவு வந்தால் ஊரிலிருந்து ஒரு படை வந்து இறங்கும். லால்பாக், கப்பன் பார்க், விதான சௌதா வாசலில் நின்று ஒரு போட்டோ. இதெல்லாம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் காலையில் அக்கா பசங்க ஆரம்பிப்பார்கள். "மாமா, வொண்டர்லா எப்போ?"

மைசூர் ரோட்டில் பிடதி பக்கம் 2005இல் திறந்த பூங்கா அது. இந்த ஊருக்கு வந்த இத்தனை வருடத்தில் எத்தனை செட் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டேன் :-) எந்த ராட்டினத்தில் வயிற்றைப் புரட்டும், எதில் கத்தல் அதிகம் என்றெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது சோத்தைப் பற்றி. ராட்டினத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். "அங்க ஒரு காபி என்ன வெலை தெரியுமா?" என்பது மட்டும் கோவில்பட்டி வரைக்கும் போய்ச் சேரும்.

நமக்குப் பொழுதுபோக்கு என்றாலே பொருட்காட்சிதான். அங்கே டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் தின்பதற்கென்றே போவோம், ஜெயண்ட் வீல் இரண்டாம்பட்சம். அதுவும் போதாதென்று வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி வேறு. வெளியூர் கிளம்பினால் புளியோதரை கட்டுவது நம் ரத்தத்தில் ஊறினது. தீம் பார்க்கில் அந்தச் சட்டிக்கு வாசலோடு சரி. பையைத் திறந்து பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். நம் நாட்டுப் பெரிய பூங்காக்களில் பொதுவாக இதுதான் விதி.

காரணம் புரியாததில்லை. கேட்டுக்கு வெளியே பத்து கடை இருந்தால் போட்டியில் விலை இறங்கும். உள்ளே போய்விட்டால் போட்டி கிடையாது. டிக்கெட் ஒரு வருமானம், நம் பசி இன்னொரு வருமானம். ஆனால் உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாட்டில், மது போன்ற சிலது மட்டும் கூடாது. ஷாங்காய் டிஸ்னியில் முன்பு தடை இருந்தது. 2019இல் ஒரு சட்டக் கல்லூரி மாணவி, தன் தின்பண்டத்தை விடவில்லை என்று வழக்குப் போட்டார். அந்த வருடமே பூங்கா இறங்கிவந்து வெளிச் சாப்பாட்டை அனுமதித்தது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இழப்பீடு 50 யுவான். தொகை சின்னதுதான், ஆனால் எத்தனை பேர் வயிறு வாழ்த்தியிருக்கும்!

நம் ஊரில் சட்டம் வேறு மாதிரி. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தியேட்டர்காரர்கள் வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. கூடவே குடிக்க நல்ல தண்ணீர் இலவசமாகத் தரவேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதையும் பதிவு செய்தது. அது தியேட்டர் வழக்கு, பூங்கா வழக்கு இல்லை. ஆனாலும் வாசலில் சண்டை போட்டு ஜெயிக்கலாம் என்று தூக்குச்சட்டியோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

இந்த மாதிரிப் பூங்காக்கள் காலை பத்தரை, பதினொன்றுக்குத்தான் திறக்கும். சாயங்காலம் ஆறு, ஏழுக்கு மூடிவிடும். அப்படியென்றால் உள்ளே நமக்குத் தேவை ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. ஒன்றே ஒன்று! காலை டிபன் வெளியே, ராத்திரிச் சாப்பாடு வெளியே. அந்த ஒரு மதியச் சாப்பாடு என்ன விலை இருந்தாலும் யாரையும் ஆண்டியாக்காது. காசு கரைவது சோத்தில் இல்லை. பாப்கார்ன், ஐஸ்க்ரீம், கலர், மறுபடி ஒரு தண்ணீர் பாட்டில், "சும்மா ஒரு பிரெஞ்ச் ஃப்ரை" என்று ஆறேழு தடவை பர்ஸைத் திறப்பதில்தான். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் யாருமே சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள், ஆனால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு போயிருக்கும்.

அதனால் என் கொள்கை: மதியச் சாப்பாட்டில் கஞ்சத்தனம் கூடாது, மற்றதில் கையை இறுக்கு. அதற்குச் சில வழிகள்.

1. காலை டிபனைத் தாமதமாக, கனமாகச் சாப்பிடுங்கள். பிடதிக்குப் போய்விட்டு தட்டே இட்லி சாப்பிடாமல் வருவது மகாபாவம். தட்டே என்றால் கன்னடத்தில் தட்டு. பேருக்கேற்ற மாதிரி தட்டு அகலத்தில், பஞ்சு மாதிரி, மேலே ஒரு உருண்டை வெண்ணெய், பக்கத்தில் சட்னி. இரண்டு சாப்பிட்டால் மதியம் இரண்டு மணி வரை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். 2023இல் திறந்த பெங்களூர் - மைசூர் விரைவுச்சாலை பிடதி ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதில் ஏறிவிட்டால் இட்லி போச்சு. சர்வீஸ் ரோட்டிலேயே போங்கள்.

2. காலி பாட்டில் ஆளுக்கு ஒன்று. தண்ணீருக்குள்ளேயே ஆட்டம் போட்டாலும் வெயிலில் உடம்பு வற்றத்தான் செய்யும், நனைந்திருப்பதால் தாகம் தெரியாது. பசங்களுக்குத் தலைவலி வருவது பாதி இதனால்தான். குடிதண்ணீர்க் குழாய் எங்கே என்று உள்ளே நுழைந்ததும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் தண்ணீருக்கு அச்சடித்த விலைக்கு மேல் வாங்குகிறான் என்று உணவகத்தில் சண்டை போடுவதிலும் பிரயோஜனம் கம்மி. ஹோட்டலும் ரெஸ்டாரண்டும் பரிமாறும் தண்ணீருக்கு அதிகபட்ச சில்லறை விலை கட்டாயமில்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

3. ஒரு மணிக்குச் சாப்பிடாதீர்கள். ஒரு மணிக்கு மொத்தப் பூங்காவும் சாப்பாட்டுக் கடையில் நிற்கும். அப்போது ராட்டின வரிசை காலி. தட்டே இட்லி தைரியத்தில் இரண்டரை வரை தாக்குப்பிடியுங்கள். உட்கார இடம் கிடைக்கும், நிதானமாகச் சாப்பிடலாம்.

4. சுற்றுகிற சமாச்சாரங்களை முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள், சாப்பிட்டுவிட்டுச் சுற்றாதீர்கள். பர்கரும் கலரும் உள்ளே போய், அதன்பின் தலைகீழாகத் தொங்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தில் மொசரன்னா என்று கேட்டால் தயிர்சாதம். இருந்தால் அதுதான் ராஜா. விலையும் கம்மி, வயிறும் குளிர்ந்திருக்கும்.

5. தண்ணீர் விளையாட்டுக்குப் போகும்போது செல்போன் லாக்கரில் இருக்கும். அப்புறம் எங்கே யுபிஐ? கொஞ்சம் ரொக்கத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். அன்றைய நொறுக்குத் தீனிக்கு அதுதான் பட்ஜெட். தீர்ந்தால் தீர்ந்தது. பசங்க கையிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. தன் கையிலிருந்து போகும்போது எட்டு வயதுப் பையனும் விலை கேட்பான் :-)

6. சாயங்காலத்துக்கு வண்டியில் புளியோதரை வையுங்கள். புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து அதைக் காப்பாற்றும். தயிர்சாதத்தை வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் சாயங்காலம் புளித்துப் போயிருக்கும், பாலை நிறைய விட்டு உறைக்கு மட்டும் தயிர் ஊற்றிப் பிசையும் பழைய ரயில் வித்தைகூட அந்தச் சூட்டில் பலிக்காது. ஆறு மணிக்கு ஈரத்தலையோடு வெளியே வரும் பசங்களுக்கு அந்தப் புளியோதரை அமிர்தம். அத்தான் மட்டும் தேங்காய்த் துவையல் எங்கே என்று கேட்பார், கண்டுகொள்ளாதீர்கள்.

இவ்வளவும் காசை மிச்சம் பிடிக்கிற வழி. ஆனால் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

நம் வீட்டுப் பெரியவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்ததும் ஒரு பொய் சொல்வார்கள். "எனக்குப் பசிக்கலப்பா. நீங்க சாப்பிடுங்க."

என் அம்மா அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பலகையில் இருந்த விலையைப் பார்த்தாள், வாய்க்குள் பேரப்பிள்ளைகளை எண்ணினாள், அப்புறம் அந்த வாக்கியம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான், ஆனால் விலைப்பட்டியலை மட்டும் எந்த மொழியில் இருந்தாலும் படித்துவிடுவாள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, காலையில் மாத்திரை போட்டிருந்தாள். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வெயிலில் நடந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயக்கம் வரும். அக்கா கவனித்துவிட்டாள். "அம்மா, பொய் சொல்லாத" என்று ஒரு அதட்டல் போட்டு உட்கார வைத்தாள். அம்மா சாப்பிட்டாள், ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் காசை மென்ற மாதிரிதான் சாப்பிட்டாள். அப்படிச் சாப்பிடுவதும் ஒரு சாப்பாடா?

சாப்பாட்டோடு சேர்த்து டிக்கெட் விற்கிறார்களே, அதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், லாபமா நஷ்டமா என்று. என் அனுபவத்தில் பசங்களுக்கு அது நஷ்டம். ராட்டினத்தில் மனசு இருக்கிற பிள்ளை பஃபேயில் நாலு வாய் கொறித்துவிட்டு ஓடிவிடும். பெரியவர்களுக்கு அதையே கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஏனென்றால், ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்ட சாப்பாட்டை வீணாக்க நம் அம்மாக்களுக்கு மனசு வராது! விலைப்பலகை கண்ணில் படாது, மறுக்க வழியில்லை, "வாங்கியாச்சும்மா" என்ற ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். எந்தச் சிக்கன புத்தி அவளைப் பட்டினி போடுகிறதோ, அதே புத்தி அவளைச் சாப்பிடவும் வைக்கும். அப்படி டிக்கெட் இல்லாத இடத்தில், அவர்களை நிழலில் மேசை பிடிக்கச் சொல்லிவிட்டு ஒருவர் மட்டும் கவுண்டருக்குப் போய்த் தட்டோடு வாருங்கள். பில்லை அங்கேயே கிழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் பையில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் இருக்கட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வாசலில் தன்மையாகச் சொல்லிக் கேளுங்கள். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் வேண்டியதை விட்டுவிடுகிற இடங்கள் உண்டு. கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிட்டால் இன்னும் நிம்மதி.

கடைசியாக ஒன்று. மொத்தச் செலவு இவ்வளவு என்று முதல்நாள் ராத்திரியே தங்கமணியும் நானும் பேசி, சாப்பாட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அந்தப் பணம் அப்போதே போய்விட்டதாகக் கணக்கு. மறுநாள் பூங்காவில் விலை பற்றி யாரும் பேசக்கூடாது, நான் உட்பட. பேசினால் அபராதம், ராத்திரிப் பாத்திரம் முழுக்க அவர்தான் கழுவ வேண்டும். போன தடவை கழுவியது அத்தான்.