மியூர் வனத்து ஓடைக்கரையில்

கடந்த திருவருகைக் காலத்தில் என் தமக்கையின் மகன் இல்லத்தில் பத்து நாள்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவன் குடும்பத்தோடு வாழ்வது கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு அண்மையில். "மாமா, பெரிய பாலத்தையும் கடைவீதிகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்று மழை விட்டிருக்கிறது, காட்டுக்குப் போவோம்" என்றான். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, அந்தக் குளிரில் காடா என்று தயங்கினேன். அதற்குள் அவனுடைய ஏழு வயது மகள் காலணி அணிந்து வாசலில் நின்றுவிட்டாள்.

கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால், வளைந்து இறங்கும் மலைச்சாலையின் அடியில் மியூர் வனம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு முதல் வாகனம் நிறுத்துவதற்கு முன்பதிவு செய்தாக வேண்டும். கோடையில் அத்துணை கூட்டம்! நாங்கள் சென்ற திசம்பர் காலையிலோ விரல்விட்டு எண்ணத்தக்கவரே வந்திருந்தனர். பள்ளத்தாக்கின் நடுவே ரெட்வுட் ஓடை ஓடுகிறது. வனத்தினுள் அதன் குறுக்கே நான்கு பாலங்கள். ஒரு கரை வழியே ஏறிச் சென்று, விரும்பிய பாலத்தில் கடந்து, மறுகரை வழியே திரும்பலாம். நான்காம் பாலம் வரை சென்று மலைச்சரிவுப் பாதையில் திரும்பினால் ஏறத்தாழ இரண்டு மைல். முழங்காலை மறந்து நான்காம் பாலத்துக்கே புறப்பட்டோம்.

ரெட்வுட் மரத்தை நம் ஆந்திரக் காட்டுச் செம்மரத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. இது ஊசியிலை மர இனம். தஞ்சைப் பெரிய கோவிலின் விமானம் 216 அடி என்பர். இங்கு 250 அடியைத் தாண்டிய மரங்களும் உண்டு. இவ்வனத்து முதிர்ந்த மரங்களில் பல 500 முதல் 800 ஆண்டுகள் வயதுடையவை. இத்துணை உயரத்தைத் தாங்கும் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. பக்கவாட்டில் பரவி, அண்டை மரத்தின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. நெருப்பு அடிமரத்தைக் குடைந்து பொந்தாக்கிய பின்னும் உச்சியில் பசுமையோடு நிற்கும் மரங்களைக் கண்டேன். அத்தகைய பொந்து ஒன்றில் சிறுமி நுழைந்து நின்றாள். இன்னும் மூவருக்கு அதில் இடமிருந்தது.

எளிதில் எட்ட முடியாத பள்ளத்தாக்கு ஆதலால் மரம் வெட்டுவோரின் கோடரிக்கு இந்த வனம் தப்பியது. வில்லியம் கென்ட் என்பவரும் அவர் மனைவி எலிசபெத்தும் 1905இல் 45,000 டாலருக்கு இந்நிலத்தை வாங்கினர். 1907இல் ஒரு தண்ணீர் நிறுவனம், ஓடையை அணையிட்டுத் தேக்குவதற்காக நிலத்தை எடுத்துக்கொள்ள நீதிமன்றம் ஏறியது. கென்ட் 295 ஏக்கரை நடுவண் அரசுக்கே கொடையாக அளித்துவிட்டார். 1908 சனவரி 9 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். கென்டின் பெயரையே வனத்துக்கு இடலாம் என்று அதிபர் கூற, அவர் மறுத்து, இயற்கை அறிஞர் ஜான் மியூரின் பெயரே நிலைக்கட்டும் என்றார். ஆலயத்தின் குழல் விளக்கிலும் உபயதாரர் பெயர் எழுதிப் பழகிய நமக்கு இது வியப்பாகவே இருக்கும்.

வழியில் ஓரிடத்துக்குப் பேராலயத் தோப்பு என்று பெயர். ஓசையின்றி நுழையுமாறு வேண்டும் பலகை உண்டு. ஐக்கிய நாடுகள் சபையை அமைக்க 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய பிரதிநிதிகள், மே 19 அன்று இங்கே வந்து, அதற்கு முந்தைய மாதம் மறைந்த அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நினைவுகூர்ந்தனர். நாங்களும் பேசாமலே கடந்தோம்.

அப்பால் சென்றதும் சிறுமிதான் கேட்டாள்: "தாத்தா, தண்ணீருக்குள் பெரிய பெரிய மரமெல்லாம் விழுந்து கிடக்கிறதே, ஏன் எடுக்கவில்லை?" எனக்கும் அதே ஐயம். இவ்வளவு செம்மையாகப் பேணும் நாட்டார் ஓடையை மட்டும் ஏன் இப்படி விட்டுவைத்தார்கள்?

மருமகன் விளக்கினான். 1930களில், வேலையின்றித் தவித்த இளைஞர்களைக் கொண்டு அரசு அமைத்த பணிப்படையினர் இவ்வோடையின் கரைகளில் கற்களை அடுக்கிக் கட்டினர். கரை அரியக்கூடாது என்பதே நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் ஓடை வாய்க்காலாகிவிட்டது, மழைவெள்ளம் விரைந்தோடியது, நீர் தங்கும் மடுக்கள் குறைந்தன. கோஹோ என்னும் சால்மன் மீன், குளிர்கால மழையில் கடலிலிருந்து இவ்வோடைக்கு ஏறி வந்து, வாலால் சரளையைத் தோண்டி முட்டையிட்டு, இங்கேயே மடிகிறது. அதன் குஞ்சுகள் ஓராண்டுக்கு மேல் ஓடையில் வளர்ந்த பின்னரே கடலுக்குச் செல்லும். ஒதுங்கி நிற்க மடுவும் இல்லை, மறைந்துகொள்ள மரமும் இல்லை என்றால் வெள்ளம் அவற்றை அடித்துச் சென்றுவிடுகிறது. மீன் அற்றுப்போகும் நிலை வந்தது. 2019இல் கற்களைப் பெயர்த்தெடுக்கத் தொடங்கி, அடிமரங்களைக் கொண்டுவந்து ஓடையில் கிடத்தினார்கள். கிடந்தவை எல்லாம் தாமாக விழுந்தவை அல்ல. சில வேண்டுமென்றே இடப்பட்டவை.

நான் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. என் முதல் பங்கில், ஆலயத்தின் பின்புறம் குளத்திலிருந்து வயலுக்குச் செல்லும் வாய்க்கால் ஒன்று இருந்தது. இளைஞர்களைத் திரட்டித் தாழையையும் நாணலையும் வெட்டி எறிந்து, இரு கரையிலும் கல் பதித்துச் சிமெண்டு பூசினேன். திறப்புவிழா நடந்தது, கல்வெட்டில் என் பெயர். இரண்டாண்டு கழித்து ஒரு முதியவர், "சாமி, வாய்க்கால் அழகாத்தான் இருக்கு. கெளுத்தியும் விராலும்தான் வரமாட்டேங்குது" என்றார். மீன்குழம்பு நினைவில் பேசுகிறார் என்று சிரித்துவிட்டு அகன்றேன். கல்வெட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நான்காம் பாலத்தைக் கடந்து சரிவுப் பாதையில் திரும்பினோம். பெரணிகள் நனைந்திருந்தன, மஞ்சள் நிறத்தில், வாழைப்பழம் போன்ற நத்தையொன்று, மேலே ஓடில்லாமல், பாதையைக் கடந்துகொண்டிருந்தது. அது கடக்கும்வரை நிற்குமாறு சிறுமி ஆணையிட்டாள். நின்றோம்.

இரண்டாம் பாலத்தின் மீது வந்தபோது அவளே முதலில் கண்டாள். நீரில் கிடந்த அடிமரத்தின் நிழலில், விலாவில் செம்மை படர்ந்த மீன் ஒன்று நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நின்றது. "இரண்டு!" என்றாள் அவள். "ஒன்றுதான், மற்றது அதன் நிழல்" என்றான் அவள் தந்தை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு நானும் குனிந்து பார்த்தேன். யார் சொன்னது சரி என்று முடிவாகும் முன்னரே மீண்டும் மழை தூறத் தொடங்கியது. குடையை விரித்துக்கொண்டு அங்கேயே நின்றோம்.