யாரோ வந்திருக்கிறார்கள்

'கால் ஆன்'. ஒருவரைப் போய்ப் பார்ப்பது. ஆளைப் பார்க்க என்றால் 'ஆன்'. வீட்டுக்கு என்றால் 'அட்'. கூட்டிக்கொண்டு கிளம்ப வந்திருந்தால் 'ஃபார்'.

இங்கிலாந்து ரயில் நிலைய அறிவிப்பில் இன்றைக்கும் இதே சொல்தான். வண்டி ரெடிங்கில் 'கால்' செய்யும், டிட்காட்டில் 'கால்' செய்யும். கப்பலும் துறைமுகத்தை அப்படித்தான் எட்டிப் பார்க்கிறது.

ஜேன் ஆஸ்டின், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', 1813. பக்கத்தில் பிங்லி என்ற பணக்கார இளைஞன் குடிவருகிறான். இங்கே ஐந்து பெண்கள், கல்யாண வயதில். அம்மா தவிக்கிறாள். அவளாகப் போக வழியில்லை. அப்பா பென்னட் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பிங்லி பதிலுக்கு வருகிறான். நூலக அறையில் அப்பாவோடு சுமார் பத்து நிமிடம். பெண்களைப் பார்க்கவில்லை. பெண்கள் மாடி ஜன்னலிலிருந்து அவனைப் பார்த்துவிட்டார்கள். நீலக் கோட்டு. கறுப்புக் குதிரை.

பத்து நிமிடம் என்று ஏன் கணக்காக எழுதினார்? கால் மணி நேரம்தான் முறை என்கின்றன அந்த நூற்றாண்டின் மரியாதைக் கையேடுகள். அதையும் குறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கூச்சமா, ஏமாற்றமா?

'மார்னிங் கால்' என்று பெயர். நடந்தது பெரும்பாலும் மதியத்துக்கு மேல். டின்னர் சாப்பிடும்வரை அவர்களுக்குக் காலைதான்.

அன்று, வருகிற ஆண் தொப்பியையும் கைத்தடியையும் வரவேற்பறைக்குள் கொண்டுபோக வேண்டும். குடை மட்டும் வெளிக்கூடத்தில். தொப்பி கையோடு இருந்தால் ரொம்ப நேரம் உட்காரப் போவதில்லை என்று அர்த்தம். பெண்கள் பானெட் தொப்பியைக் கழற்றுவதில்லை.

விசிட்டிங் கார்டு. மணமான பெண் தன்னுடையதில் 1, கணவருடையதில் 2 வைத்துவிட்டுப் போவாள். அவளுடையது வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும். கணவருடையது அம்மாவுக்கு ஒன்று, ஐயாவுக்கு ஒன்று. மூலை மடிந்திருந்தால் நேரில் வந்து கொடுத்தது.

கணவர் அந்த நேரம் எங்கோ வேலையில் இருப்பார். போய்ப் பார்த்த கணக்கில் சேர்ந்துவிடும்.

'நாட் அட் ஹோம்.' வேலைக்காரர் வாசலில் வந்து சொல்வது. மாடியில் ஆள் இருக்கும். வந்தவருக்கும் தெரியும். பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் அன்று ஏற்கெனவே இருப்பவர்தான் புதிதாக வந்தவரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும். பென்னட் போனது அதனால்தான். இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். புதியவர் வீடு வீடாகப் போக வேண்டும். பங்களா வாசலில் ஒரு பெட்டி, அதில் 'நாட் அட் ஹோம்' என்று எழுதியிருக்கும். கார்டைப் போட்டுவிட்டு அடுத்த பங்களா. வெயிலில் முழுக் கோட்டோடு.

நம் பத்திரிகைகளில் 'மரியாதை நிமித்தமாகச் சந்தித்தார்'. சால்வை, பூங்கொத்து, போட்டோ. அதுவும் 'கால்'தான்.

ஃபார்ஸ்டரின் 'எ பேசேஜ் டு இந்தியா', 1924. கலெக்டர் வைத்த விருந்தில் மிஸஸ் மூர், வயதானவர், திருமதி பட்டாச்சார்யாவிடம் உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்கிறார். என்றைக்கு? என்றைக்கு வேண்டுமானாலும். எத்தனை மணிக்கு? எந்த நேரமும். கடைசியில் வியாழக்கிழமை என்று ஆகிறது. அவர்கள் கல்கத்தா கிளம்பவேண்டியவர்களோ என்று குழப்பம் வேறு. காலை 9 மணிக்கு வண்டி அனுப்புவதாக ஏற்பாடு.

வண்டி வரவில்லை.

போகக் காத்திருந்தவர்களுக்கு வருத்தம். நாம் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா? மருத்துவர் அஸீஸ் சொல்லும் காரணம் வேறு: தங்கள் வீட்டை நினைத்துக் கூசிப்போயிருப்பார்கள். சொன்ன வேகத்தில் அவரே, என் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுவிடுகிறார். பிறகுதான் வீடு நினைவுக்கு வருகிறது. கடைத்தெருப் பக்கம், ஈ மொய்க்கும் அறை. அவசரமாகப் பேச்சை மாற்றுகிறார். வீடு வேண்டாம், மராபார் குகைக்குக் கூட்டிப்போகிறேன்.

அதற்கு மேல் நடப்பதெல்லாம் குகையால். நான் ஒவ்வொரு முறையும் நிற்பது அந்த ஈ மொய்க்கும் அறையில். சோபா துணி கிழிந்த வீட்டில் 'வாங்க' என்று சொல்லிவிட்டுக் கண் உள்ளே ஓடுவது. அது என்ன வலி என்று ஃபார்ஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது.

'டிராப் இன்'. சொல்லாமல் கொள்ளாமல், போகிற வழியில், சும்மா. 'பாப் இன்' அதைவிடக் குறைந்த நேரம். கதவை முழுக்கத் திறக்கக்கூட வேண்டியிருக்காது.

'யூ மஸ்ட் கம் ரவுண்ட் சம் டைம்.' தேதி சொல்லாதவரை அழைப்பில்லை. டைரியை எடுத்தால்தான் அழைப்பு.

கவிஞர் கோல்ரிட்ஜ், 1797. தனியான பண்ணை வீடு. அபின் மயக்கத்தில் ஒரு நீண்ட கவிதை முழுசாக வந்துவிட்டதாம். எழுதிக்கொண்டிருக்கும்போது போர்லாக் என்ற ஊரிலிருந்து யாரோ ஒருவர், ஏதோ வேலையாக. ஒரு மணி நேரத்துக்கு மேல். அவர் போனபின் மிச்சம் நினைவில் இல்லை. 'குப்ளா கான்' 54 வரியோடு நின்றது. அப்படி ஒருவர் வரவே இல்லை என்பவர்களும் உண்டு.

வந்தவருக்கு என்ன வேலை? அந்த வேலையாவது முடிந்ததா?

அலைச்சறுக்கில் 'டிராப் இன்' பெரிய குற்றம். ஒருவர் ஏறிவிட்ட அலையில் இன்னொருவர் குறுக்கே இறங்குவது. கரையில் சண்டையே வரும்.

ஸ்காட்லாந்து, புத்தாண்டு இரவு. 12 மணிக்குப் பிறகு முதலில் நுழைபவர் கறுப்பு முடிக்காரராக இருந்தால் அதிர்ஷ்டம். கையில் கரித்துண்டு, விஸ்கி, பிளாக் பன் கேக். அப்படி யாரும் வராமல் போய்விட்டால்? வீட்டிலிருக்கும் கறுப்பு முடிக்காரரையே 12 அடிக்கும் முன் வெளியே அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்வார்கள்.

பிரீஸ்ட்லியின் நாடகம், 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்'. முதலில் மேடையேறியது 1945, சோவியத் நாட்டில். தொடக்கத்தில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வருகிறார். முடிவில் டெலிபோன் மணி. இன்னொரு இன்ஸ்பெக்டர் கிளம்பிவிட்டாராம்.

மறுபடி ஆஸ்டின். 'எம்மா'. பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில் எம்மா, ஏழை மிஸ் பேட்ஸை எல்லோர் முன்னாலும் கேலி செய்துவிடுகிறாள். மறுநாள் காலை முதல் வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போகிறாள். உள்ளே பரபரப்பு. ஆட்கள் நகரும் சத்தம், அவசரப் பேச்சு. வேலைக்காரப் பெண் முழிக்கிறாள். மிஸ் பேட்ஸும் தங்கை மகள் ஜேனும் அடுத்த அறைக்குள் நழுவுவது தெரிகிறது. 'நாட் அட் ஹோம்' சொல்ல அங்கே இடமில்லை, அறைகளே சில.

மிஸ் பேட்ஸ் வெளியே வருகிறாள். வழக்கமான கலகலப்பு இல்லை. பேச்சு முழுக்க ஜேன் ஒத்துக்கொண்டிருக்கும் ஆசிரியை வேலை, அவள் தலைவலி. முந்தின நாளைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. எம்மா நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மிஸ் பேட்ஸ் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.