தறியில தெரியாத கட்டம்

ஐஸ்கிரீம் கோன் சாப்பிட்டிருப்பீங்க. ஐஸ் தீர்ந்ததும் கையில மிஞ்சுற அந்த மொறுமொறு கூம்பை என்னிக்காவது உத்துப் பார்த்திருக்கீங்களா? கட்டம் கட்டமா, ஓரமெல்லாம் மேடு, நடுவுல பள்ளம். வாஃபிள்னு பேர். அதே மாதிரி துணியும் நெய்யலாம்னு எனக்குத் தெரியவந்தப்ப வயசு நாற்பத்தாறு. (தறிக்காரக் குடும்பத்துப் பேரன்னு வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்.)

கரூர்ல வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் ஊருக்கு வந்தப்ப ஏற்றுமதியில மிச்சமான துண்டு ஒண்ணு குடுத்தார். வெள்ளைத் துண்டு, தொட்டா மெத்து மெத்துன்னு இருக்கு, குளிச்சுட்டு ஒரு தடவை துடைச்சா உடம்புல ஈரமே இல்லை. நம்ம ஈரிழைத் துண்டுக்கு இதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஜவுளிக்காரங்க இதை ஹனிகோம்ப்னு சொல்றாங்க. தேன்கூடு. அந்தப் பேர்தான் எனக்கும் பிடிச்சிருக்கு.

சரி, துண்டு பிடிச்சிருந்தா இன்னும் நாலு வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு நெய்யணும்? அங்கதான் எங்க மாமா வர்றார்.

அம்மாவோட தம்பி. ஆரணியில ஐம்பது வருஷத்துக்கு மேல பட்டுத்தறி ஓட்டினவர். சர்க்கரை கண்ணுக்குள்ள போயிடுச்சு. லேசர் வச்சாங்க, கண்புரைக்கு ஆபரேஷனும் ஆச்சு. ஆள் வர்றது போறது தெரியும், பஸ் போர்டு கிட்டப் போனா படிப்பார். ஆனா பட்டு இழை அறுந்தா எடுத்து முடிச்சுப் போட முடியாது. இரண்டு வருஷம் முன்னாடி தறியைக் குடுத்துட்டு, சேத்துப்பட்டு வழியா பஸ் ஏறி செஞ்சிக்கு மகள் வீட்டோட வந்துட்டார். எங்க வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

சாயங்காலம் நான் போறப்பெல்லாம் திண்ணையில உக்காந்திருப்பார். கை சும்மா இருக்காது. வேட்டி ஓரத்தைப் பிடிச்சு கட்டை விரலால இழை எண்ணிக்கிட்டே இருப்பார். அவருக்கே தெரியாது எண்றோம்னு. அத்தை ஒருநாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ராத்திரி தூக்கத்துல கால் மிதிக்குதுப்பா"ன்னாங்க. எனக்கு என்னமோ பண்ணிடுச்சு.

அப்புறம்தான் இந்தத் துண்டு. தடி நூல்தானே? பட்டு மாதிரி கண்ணுக்கு வேலை இல்லையே? கொண்டுபோய் அவர் கையில குடுத்து, "மாமா, இதை நெய்யக் கத்துக் குடுங்க"ன்னேன்.

தடவிப் பார்த்தார். "இன்னாடா இது, துண்டா? முகூர்த்தப் புடவை நெஞ்ச கைடா இது" அப்படின்னு திருப்பிக் குடுத்துட்டார். ஒரு நிமிஷம் கழிச்சு, "இது எத்தினி விழுது?"ன்னார்.

விழுதுன்னா பாவு இழையைத் தூக்குற கண்ணி வரிசை. வேட்டி, சாதாத் துண்டுக்கு இரண்டு வரிசை போதும். பாதி இழை மேல, பாதி கீழ, நடுவுல நாடா ஓடும். தேன்கூட்டுக்குக் குறைஞ்சது நாலு வேணும். புஸ்தகத்துல பார்த்து வச்சிருந்த கட்டக் கணக்கைப் படிச்சுக் காட்டினேன். இழையை 1, 2, 3, 4, 3, 2ன்னு கோக்கணும். ஆறு இழைக்கு ஒரு சுத்து. மிதியும் நாலு, அதையும் அதே வரிசையில மிதிக்கணும். "மலை ஏறி இறங்குற மாதிரி"ன்னார். ஆக அவருக்கும் இது புதுசு! நான் கணக்கு, அவர் கை. இப்படித்தான் ஆரம்பிச்சது.

தறி கிடைச்சது தனிக்கதை. சொந்தக்காரங்க வீட்டுக் கொல்லையில, குழி இல்லாம நாலு கால்ல நிக்கிற பழைய தறி ஒண்ணு விறகுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு. எடுத்துட்டு வந்து ஆசாரியை விட்டு சரி பண்ணி, எங்க வீட்டுப் பின்னாடி ஷெட்டுல போட்டாச்சு. அங்கேருந்து பார்த்தா ராஜகிரி உச்சி தெரியும். கூலி, கட்டை, கயிறுன்னு ஆன செலவை வீட்டம்மாகிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன். :-)

ஈரோட்டுலேருந்து 2/20 நூல் ஒரு கிலோ. இருபதாம் நம்பர் நூல் இரண்டை ஒண்ணா முறுக்கினது, அதனால பாவுக்குக் கஞ்சி வேண்டாம். முப்பது இன்ச் அகலம், இன்ச்சுக்கு 28 இழைன்னு வச்சா 840 இழை. ஆறால வகுத்தா 140 கட்டம். இன்னொரு வேடிக்கை, பருத்தி நூல் கணக்குல ஒரு சிட்டத்துக்கு நீளம் 840 கஜம். மாமாகிட்ட சொன்னேன். "அதுக்கு இன்னா இப்போ?"ன்னார்.

840 இழையை ஒவ்வொண்ணா விழுதுக்கண்ணுல கோத்துப் பாருங்க, அப்பத் தெரியும். இரண்டு சாயங்காலம், ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா. நான் கோக்க, மாமா பக்கத்துல உக்காந்து, "ஏறு, ஏறு, ஏறு, உச்சி, இறங்கு, இறங்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். ஆறு சொல், ஆறு இழை. நடுவுல போன் வந்துச்சு, எடுத்துப் பேசினேன். (இதை ஞாபகம் வச்சுக்குங்க.)

நெய்ய ஆரம்பிச்சா முதல் பிரச்சினை என் கை. பலகையை ஓங்கி ஓங்கி அடிச்சேன். அடி பலமா இருந்தா துணி நல்லா வரும்னு நினைப்பு. மாமா விரலை வச்சுப் பார்த்துட்டு, "நசுக்கிட்டே"ன்னார். இன்ச்சுக்கு 28 இழை பாவுன்னா ஊடையும் 28தான் விழணும், அப்பத்தான் கட்டம் சதுரம். நான் அடிச்ச அடியில முப்பத்தாறு. எல்லாக் கட்டமும் சப்பையாப் படுத்துருச்சு. ஒரு சாண் துணியைப் பிரிச்சேன். நெய்யுறதைவிடப் பிரிக்கிறதுக்கு மூணு மடங்கு நேரம்.

இரண்டாவது பிரச்சினைதான் பெரிசு. கட்டமே இல்லை!

நிஜமாங்க. நான் எதிர்பார்த்தது தறி மேலேயே கோன் மாதிரி மேடும் பள்ளமும். அங்க இருந்தது தட்டையான துணி. நீளநீளமா இழை மிதந்துக்கிட்டு, ஏதோ தப்பா நெஞ்ச மாதிரி. வரிசையைச் சரிபார்த்தேன், மிதிக்கயிறைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. ஆனா கட்டம் மட்டும் வரலை. மாமா தடவிட்டு, "தட்டையா கீதுடா. சாக்குத் துணி மாதிரி"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். மறுநாளும் வரலை.

அந்த இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. நல்லது பண்றதா நினைச்சு, ஒரு பெரிய நெசவாளியைக் கூட்டியாந்து, ஓடாத விளையாட்டுல உக்கார வச்சுட்டோமோன்னு. திண்ணையில சும்மா உக்காந்திருந்தப்ப அவர்கிட்ட பழைய கௌரவமாவது இருந்துச்சு.

நடுவுல கோட்டையைப் பத்தி ஒரு வார்த்தை. 2025 ஜூலையில நம்ம செஞ்சிக்கோட்டை மராட்டியர் காலக் கோட்டைகள் வரிசையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்துச்சு. பன்னிரண்டு கோட்டையில தமிழ்நாட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். அதிலேருந்து நண்பர்கள் எல்லாம், "டூரிஸ்ட்டுக்குத் துண்டு விக்கலாமே"ன்னு யோசனை சொல்றாங்க. துணிக்கும் செஞ்சிக்கும் சம்பந்தம் புதுசு இல்லை. 1690ல செஞ்சியில இருந்த ராஜாராம்கிட்டேருந்துதான் கடலூர் பக்கத்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினாங்க. பீரங்கிக் குண்டு எட்டுற தூரம் வரைக்கும் கிராமங்களும் சேர்த்து. அவங்களுக்கு வேண்டியிருந்தது இந்தக் கரையோரம் நெஞ்ச துணி. அன்னிக்கு அவ்வளவு தறி. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்புல நாடு முழுக்க 43 லட்சம் பேர் இந்தத் தொழில்ல இருந்தாங்க, 2019-20ல 35 லட்சம். அடுத்த தடவை எண்ணுறப்ப மாமா அதுல இருக்க மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புஸ்தகத்தைத் திரும்ப எடுத்து, படத்தை மட்டும் பார்க்காம இந்தத் தடவை எழுத்தையும் படிச்சேன். காரணம் அங்க இருந்துச்சு. தறியில இருக்கிற வரைக்கும் பாவு விறைப்பா இழுத்துப் பிடிச்சிருக்கு, அதனால துணி தட்டையாத்தான் தெரியும். ஒவ்வொரு கட்டத்துலயும் ஓரத்துல இழை நீளமா மிதக்குது, நடுவுல நெருக்கமாப் பின்னியிருக்கு. அறுத்து எடுத்து வெந்நீர்ல போட்டா நூல் சுருங்கும். மிதக்குற இழை தாராளமாச் சுருங்கி மேல எழும்பும். நெருங்கிப் பின்னின நடுப்பாகம் அப்படிச் சுருங்க முடியாம பள்ளமா நின்னுடும். குளத்துல சுத்திப் படி, நடுவுல தண்ணி இருக்கே, அது மாதிரி. அந்தப் பள்ளத்துலயும் தளர்ந்த இழையிலயும்தான் ஈரம் போய் உக்காருது.

மாமா வீட்டுக்கு ஓடினேன். "வெந்நீர்ல போடணுமாம் மாமா!"

"வெந்நீர்லயா?" பட்டுக்காரர் முகத்தைப் பார்க்கணுமே. நான் ஏதோ குழந்தையை வேக வைக்கப்போற மாதிரி பார்த்தார். ஆனா எழுந்து வந்தார்.

அறுபது இன்ச் நெஞ்சு முடிச்சு, அறுத்து, ஓரம் மடிச்சுத் தைச்சு, கை பொறுக்குற சூட்டை விடக் கொஞ்சம் அதிகமாத் தண்ணி வச்சு முக்கி எடுத்தோம். பிழியறப்பவே கையில தெரிஞ்சுது. காய வைக்கறதுக்குள்ள கட்டம் கட்டமா எழும்பிடுச்சு. சாயங்காலம் காஞ்சதும் எடுத்துப் பார்த்தா சாட்சாத் கோன்! என் பொண்ணு கன்னத்துல வச்சுக்கிட்டுத் தரமாட்டேன்னுட்டா.

அளந்தேன். முப்பது இன்ச் அகலம் இருபத்து மூணா நிக்குது. அறுபது நீளம் நாற்பத்தாறு. கிட்டத்தட்ட காலே அரைக்கால் பங்கு எங்கேயோ போயிடுச்சு... இல்லை இல்லை, கணக்குல நான் எப்பவும் வீக், கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மி. நெய்யறதுக்கு முன்னாடியே சுருக்கத்தைச் சேர்த்துக் கணக்குப் போடணும்னு இப்பத் தெரியுது. குளிச்சுட்டுக் கட்டிக்கிட்டு வெளிய வர முடியாத சைஸ்ல ஒரு துண்டு ரெடி.

மாமா அதையெல்லாம் கேக்கவே இல்லை. துண்டை மடியில போட்டு கட்டை விரலால இடமிருந்து வலமா ஓட்டிக்கிட்டே வந்தார். மெதுவா. கண் எங்கேயோ வாசப்பக்கம் பார்க்குது. ஒரு இடத்துல விரல் நின்னுச்சு.

"இங்க ஒரு கட்டம் குறுகலா கீது."

நான் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் தெரியலை. கண்ணாடி போட்டு, ஊசியை வச்சு ஒவ்வொண்ணா எண்ணினேன். ஓரத்துலேருந்து முப்பத்தெட்டாவது கட்டத்துல ஆறு இழைக்கு அஞ்சுதான். இரண்டாம் விழுதுல கோக்க வேண்டிய ஒரு இழையை விட்டிருக்கேன். போன் வந்த இடம்!

"பட்டா இருந்தா கூலியில பிடிச்சிருப்பாங்க"ன்னு சொல்லிச் சிரிச்சார். ஆரணியை விட்டு வந்ததுக்கு அப்புறம் அவர் சத்தம் போட்டுச் சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

அப்புறம் நான் கூப்பிடவே இல்லை. அவரே போய்த் தறியில உக்காந்தார். காலால மிதியைத் தேடினார், நாலையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். நாடாக் கயித்தைப் பிடிச்சு இழுத்தார். ஏறு, ஏறு, ஏறு, உச்சி, இறங்கு, இறங்கு. வாய் சொல்லுது, கால் நடக்குது. தடி நூல், வெள்ளை நிறம், கண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. பலகை அடி ஒண்ணு போல விழுது. நான் ஒரு சாயங்காலத்துல நெய்யறதை அவர் அரை மணியில முடிச்சார். அத்தை கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாங்க.

இதோட எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்தா அவருக்குக் கால் வீங்குது. சில நாள் நாடா கீழ விழுந்தா தேடிக் கண்டுபிடிக்க முடியாம கோவம் வந்து எழுந்து போயிடுறார். துண்டு வித்து யாரும் பொழைக்கவும் முடியாது. விசைத்தறியில இதையே எவ்வளவு மலிவா நெஞ்சு தள்றாங்கன்னு கரூர் நண்பர் கணக்குச் சொன்னார், கேட்டுட்டு அந்தப் பேச்சை விட்டுட்டேன். காசு குடுக்கப் போனப்ப மாமா, "அக்கா புள்ளைகிட்ட கூலி வாங்குறதா?"ன்னு முறைச்சார்.

போட்ட பாவுல நாலு துண்டு. மூணு முடிஞ்சுது. மூணுலயும் முப்பத்தெட்டாவது கட்டம் குறுகல்தான், பாவு தீர்ற வரைக்கும் அது அங்கதான் இருக்கும். ஒவ்வொரு துண்டையும் வெந்நீர்ல போட்டு எடுத்ததும் மாமா முதல்ல அந்த இடத்தைத்தான் தேடி விரலை வைக்கிறார்.

நாலாவதுக்கு ஓரத்துல நீல நூல்ல இரண்டு கோடு வேணும்னு நேத்து சொல்லிட்டார். கரை இல்லாத துணி என்ன துணியாம். அடுத்த பாவுக்கு எட்டு இழைக் கட்டமாப் போடலாம், இது ரொம்பச் சின்னதா இருக்குங்கிறார். அதுக்கு அஞ்சு விழுது வேணும், ஆசாரியைத் திரும்பக் கூப்பிடணும், செலவை வீட்ல எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீல நூல் வாங்க ஞாயித்துக்கிழமை ஆரணி போறோம். மாமாவும் வர்றார்.