கல்லுப்பட்டியிலிருந்து பனிக்குப் போவது எப்படி?

மார்கழி விடியற்காலையில் டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். மதுரை பஸ்ஸுக்கும் ராஜபாளையம் பஸ்ஸுக்கும் நிற்கிற எல்லார் தலையிலும் மப்ளரோ துண்டோ இருக்கும். "பனி விழுகுதுப்பா, தலைய மூடு" என்று முன்பின் தெரியாத ஆள்கூடச் சொல்வார். இந்த ஊரில் பனி என்றால் அதுதான். புல்லில் கொஞ்சம் ஈரம், கண்மாய்க்கரையில் கொஞ்சம் புகை. எட்டு மணி வெயிலுக்கு ரெண்டும் காணாமல் போய்விடும்.

அதனால் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன், "அரையாண்டு லீவுக்குப் பனி பாக்கப் போவோம்ப்பா" என்று ஆரம்பித்தபோது, அப்பத்தா கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி.

"ஏப்பா, இங்கன விழுகுறது பத்தாதாக்கும்?"

பையனுக்கு வேண்டியது பனிச்சறுக்கு. காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் சர்ரென்று இறங்குகிறவர்களை யூடியூப்பில் பார்த்துப் பார்த்து முற்றிப்போன ஆசை. அப்பாவின் ஆசை அதைவிடப் பழசு. இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டியவர். 1990-களில் ஒருமுறை சிவகாசியிலிருந்து தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு ஜம்மு வரை போனார். அதற்கு மேலே போக வேண்டாம், நிலைமை சரியில்லை என்று முதலாளி சொல்லிவிட்டதால் அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பினார். தூரத்தில் வெள்ளையாய் ஏதோ தெரிந்ததாம். மேகமா மலையா என்று இன்றுவரை அவருக்கே சந்தேகம்.

இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிற மனிதர், கடைசியாகப் போனபோது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் மேலே போய்ச் சாமி கும்பிட்டு இறங்குகிற வரைக்கும் ஒரு பாறையில் தனியாகக் காத்திருந்தார். முட்டி மாற்று ஆபரேஷன் பற்றி டாக்டர் பேச ஆரம்பித்துவிட்டார். சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. ஆபரேஷனுக்குத் தொட்டுக்கொள்ளலாமா, பனிக்குப் போகலாமா என்று வீட்டில் ஒரு வாரம் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. கடைசியில் அப்பாதான் சொன்னார். "முட்டி எங்கயும் ஓடிராது."

சரி, எந்த மலை?

ஆல்ப்ஸ் முதல் நாளே அடிபட்டுப் போனது. ஷெங்கன் விசாவுக்கு மட்டுமே ஆளுக்கு 90 யூரோ என்று தெரிந்ததும் அம்மா கூட்டத்தை முடித்துவைத்தார். ஆனால் பையன் அதற்காக உட்கார்ந்து படித்தது வீணாகவில்லை. ஆல்ப்ஸுக்குப் போகிறவர்கள் சறுக்குகிற ஊரை அழகு பார்த்து மட்டும் எடுப்பதில்லை, உயரத்தையும் பார்ப்பார்கள். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயல் பேர்பெற்ற ஊர்தான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து 760 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. சூடான வருஷம் என்றால் கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே தரை தெரியும். பிரான்ஸின் வால் தோரன்ஸ் 2,300 மீட்டரில் இருப்பதால் சீசன் தொடக்கத்திலும் நம்பிப் போகலாம்.

இந்த இடத்தில் அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டாள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஸ்விட்சர்லாந்தின் ஜெர்மாட் ஊர் 1,600 மீட்டர்தான். அப்படியென்றால் கொடைக்கானலில்தானே முதலில் கொட்ட வேண்டும்? (நாம் யாராவது இதை யோசித்திருக்கிறோமா!) விடை பூகோளப் புத்தகத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் நிலநடுக்கோட்டிலிருந்து 10 டிகிரி வடக்கே, ஜெர்மாட் 46 டிகிரி. கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரியில் புல் மேல் வெள்ளையாய்ப் படிவது வானத்திலிருந்து விழுவதல்ல. மேகமில்லாத இரவில் தரை குளிர்ந்துபோய், காற்றிலிருக்கும் ஈரம் அங்கேயே உறைகிற உறைபனி. தமிழில் பனித்துளி, மூடுபனி, உறைபனி, வானிலிருந்து கொட்டுகிற பனி என்று எல்லாமே பனிதான். அப்பத்தாவைக் குற்றம் சொல்ல முடியாது.

மிச்சம் இருந்தவை ரெண்டு. உத்தராகண்டின் ஔலி, காஷ்மீரின் குல்மார்க்.

அம்மாவின் ஓட்டு ஔலிக்கு. காரணம் சறுக்கு அல்ல, சாமி. கீழே இருக்கிற ஜோஷிமட்டின் நரசிம்மர் கோயிலைத்தான் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருப்பிரிதி என்று சொல்வதுண்டு. ஔலியிலிருந்து பார்த்தால் 7,816 மீட்டர் நந்தாதேவியும் தெரியும். பழகுகிறவர்களுக்கு ஏற்ற சரிவும் உண்டு. ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் மண் இறங்கி வீடு வீடாக விரிசல் விட்டது, ஔலிக்குப் போகிற ரோப்காரையும் நிறுத்தினார்கள். போதாததற்கு ரிஷிகேஷிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைப்பாதை. "அது லாரிக்காரனுக்கே ஒரு நாள் வேலை" என்றார் அப்பா. முட்டியை மடக்கியே அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்பதை அவர் சொல்லவில்லை, மற்றவர்களுக்குப் புரிந்தது.

குல்மார்க் என்றதும் அம்மாவின் முகம் மாறியது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக்கொன்ற செய்தியை டிவியில் நாள் முழுக்கப் பார்த்தவர். "சுத்திப்பாக்கப் போனவுகதானே அவுகளும்?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. வரைபடத்தைக் காட்டி அது வேறு ஊர், இது வேறு ஊர் என்று பையன் சொன்னது எடுபடவில்லை. பயத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு ஏது?

ரெண்டு நாள் கழித்து அப்பா வேறு மாதிரிப் பேசினார். "அன்னிக்கு முதலாளி சொன்னாருன்னு திரும்பிட்டேன். உள்ளுக்குள்ள எனக்கும் பயந்தான். அந்த ஊரு லாரிக்காரவுக மட்டும் மேல ஏறிப் போய்க்கிட்டேதான் இருந்தாக." அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வெந்நீர்ப் பை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். அதுதான் சம்மதம்.

குல்மார்க்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் அங்கிருக்கும் கேபிள் கார். ஊர் 2,650 மீட்டர். முதல் கட்டம் கோங்டூரி வரைக்கும் சுமார் 3,100 மீட்டர், ரெண்டாம் கட்டம் அப்பர்வத் மலையில் கிட்டத்தட்ட 3,950 மீட்டர். முட்டி சரியில்லாத மனிதர் நடந்து ஏறாமலே உயரத்துக்குப் போய்விடலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் முதல் கட்டத்தோடு இறங்கிவிட வேண்டும் என்று அக்காவின் கண்டிஷன். மரச்சறுக்கு வண்டியில் உட்காரவைத்து ஆள் இழுத்துப்போகிற வழக்கமும் அங்கே உண்டு. "மனுசன் இழுக்க நான் உக்காரணுமா?" என்று அப்பா அதை மறுத்துவிட்டார்.

இதில் அடிவாங்கியது பையன்தான். காஷ்மீரில் கடுங்குளிரின் நாற்பது நாள், சில்லா-இ-கலான், டிசம்பர் 21-ல்தான் தொடங்குகிறது. சறுக்கப் பழகச் சரியான காலம் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். அதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் காய்ந்து கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டை அங்கே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். பிப்ரவரியில் பையனுக்கு பிராக்டிகல், மார்ச்சில் பப்ளிக் பரிட்சை. பொங்கல் லீவில் போகலாமென்றால், பொங்கப்பானை வைக்காமல் வீட்டைப் பூட்டிப்போக அப்பத்தா விடமாட்டார். அலங்காநல்லூரை விட்டுவிட்டுப் போக அப்பாவுக்கே மனசில்லை.

ஆக அரையாண்டு லீவுதான். கீழே பழகுகிற சரிவில் பச்சைப்புல் மட்டும் இருந்தாலும் இருக்கலாம். மேலே கேபிள் கார் போகிற இடத்தில் வெள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்பா பார்த்துவிடலாம், பையன் சறுக்குவது சந்தேகம். பையன் இதைப் புரிந்துகொண்டு, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அவனே வழியையும் எழுதிக்கொடுத்தான். மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியில் டெல்லி, அங்கிருந்து கத்ரா, கத்ராவிலிருந்து 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத்தில் ஸ்ரீநகர். கடைசி ஐம்பது கிலோமீட்டர் கார். பனி கொட்டியிருந்தால் தங்மார்க்கில் டயருக்குச் சங்கிலி கட்டித்தான் வண்டி மேலே ஏறும். அந்தச் சங்கிலியை எப்படி மாட்டுகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்பது அப்பாவின் லிஸ்டில் புதிதாகச் சேர்ந்த ஒன்று.

ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். நாலு டிக்கெட், அப்பாவுக்குக் கீழ் பெர்த். அப்பத்தா வரவில்லை. மாட்டை யார் பார்ப்பது?