ரத்னகிரிக்குக் கரையோரமாக

மும்பைத் தமிழருக்கு விடுமுறை என்றால் ஊர்தான். பள்ளி மூடிய மறுநாள் குர்லாவிலோ தாதரிலோ ரயில் ஏறிவிடுவோம். அணுசக்தி நகரில் எங்கள் கட்டடத்தில் பணி ஓய்வு வரை இருந்துவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் முருட் ஜஞ்சிராக் கோட்டையைப் பார்த்ததே இல்லை. நேத்ராவதி ரயிலில் போய்வந்தவர்களும் கொங்கணக் கரையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. 1998இல் முழுமையாகத் திறந்த கொங்கண் ரயில் பாதை மலையைக் குடைந்து போகிறது. ரத்னகிரிக்குப் பக்கத்தில் கர்புடே சுரங்கம் மட்டுமே ஆறரை கிலோமீட்டர். பன்வேலில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 66உம் மகாராஷ்டிரத்தில் பெரும்பாலும் கடலை விட்டு விலகியே தெற்கே இறங்குகிறது.

இந்தக் குளிர்காலத்தில் அப்பா தூத்துக்குடியிலிருந்து வருகிறார். அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கரையோரமாகவே ரத்னகிரி வரை காரில் போவதென்று முடிவு செய்தோம். போனில் சொன்னதும் அப்பா கேட்டார்:

"நேர் ரோடு இருக்கும்போது எதுக்கும்மா காரைப் படகுல ஏத்திக்கிட்டு அலையணும்?"

"நேர் ரோட்டுல கடல் இல்லப்பா."

இங்கே சஹ்யாத்ரி மலை கடலுக்கு மிக அருகில் நிற்கிறது. மலையில் பிறக்கும் ஆறுகளுக்கு ஓட நீளமில்லை. ஆனால் கடலில் சேரும் இடத்தில் ஒவ்வொன்றும் அகன்ற கழிமுகமாக விரிகிறது. கரையோரச் சாலை அந்தத் தண்ணீர் வரை வந்து நின்றுவிடும். தாபோலில் எதிர்க்கரை கண்ணுக்கு எதிரே தெரியும். சாலை வழியே அங்கே போக வேண்டுமானால் கேட், சிப்லூண் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். அதனால் கிலோமீட்டரை வைத்து இந்தப் பயணத்தைத் திட்டமிட முடியாது. வரைபடத்தில் கழிமுகங்களைத்தான் எண்ண வேண்டும். முருட்டைத் தாண்டியதும் அகர்தண்டாவிலிருந்து திகி. ஹரிஹரேஷ்வர் பக்கம் சாவித்திரி ஆற்றில் பாக்மாண்ட்லாவிலிருந்து வேஷ்வி. பிறகு தாபோலிலிருந்து தோபாவே. கடைசியாக தவ்சாளிலிருந்து ஜய்கட். நான்கிலும் காரை ஏற்றும் படகு உண்டு. ஒரு நாளைக்கு ஒரு கழிமுகம், அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாளே விசாரித்துவிட வேண்டும். வண்டி வரிசையில் நின்றால் அரை மணி, ஒரு மணி போய்விடும்.

தொடக்கமும் தண்ணீரில்தான். சயன்–பன்வேல் சாலை எங்கள் வாசலிலேயே ஓடுகிறது. ஆனால் அதில் போனால் பேண், வட்கல் நெரிசலில் காலை கழிந்துவிடும். ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறி பாவுச்சா தக்கா படகுத்துறைக்குப் போய், 2020இல் தொடங்கிய ரோ-ரோ கப்பலில் காரோடு ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து அலிபாக் பக்கம்.

அலிபாக்கில் கொலாபா கோட்டை கடலுக்குள் நிற்கிறது. சிவாஜி தொடங்கி வைத்தது. பின்னால் மராத்தியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்ரேயின் தளம். கடல் வற்றினால் அதற்கு நடந்தே போகலாம், ஏறினால் படகுதான். இதைச் சொன்னதும் அப்பாவுக்குப் பேச்சு சூடு பிடித்துவிட்டது. அவர் அறிந்த மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான். இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நான்கு மீட்டரைத் தாண்டும். "ரெண்டு ஆள் உசரமா!" என்றார். இரண்டு வீட்டுச் சுவரிலும் தினசரி காலண்டர் தொங்குகிறது. திதியைப் பார்த்தே கணக்குப் போட்டோம். மும்பைக் கரையில் பௌர்ணமியன்று நண்பகலை ஒட்டிக் கடல் ஏறி நிற்கும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் வற்றும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். ஆகவே பௌர்ணமி கழிந்து திருதியை, சதுர்த்தி வாக்கில் போனால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு வற்றம் கிடைக்கும். பெரியவர் வெயிலுக்கு முன் நடந்து போய்த் திரும்பிவிடலாம். நாளைக் குறித்தபின் ஓத அட்டவணையோடும் ஒத்துப் பார்த்தோம். விடுதிக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஜஞ்சிராவுக்கு எப்போதுமே படகுதான். ராஜபுரியிலிருந்து பாய்மரப் படகில் போய்க் கோட்டை வாசலிலேயே இறங்க வேண்டும். அலை இருந்தால் படகு ஏறி இறங்கும். படிக்கட்டில் கால் வைக்கும் அந்த ஒரு நொடிக்கு அப்பாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆப்பிரிக்க வழி வந்த சித்திகள் ஆண்ட இந்தக் கோட்டையை மராத்தியரால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. சம்பாஜி கரையிலிருந்து கடலைத் தூர்த்துப் பாதை போடவே முயன்றார். சுற்றிலும் உப்புநீர் இருக்க உள்ளே நல்ல தண்ணீர்க் குளம் இருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

திவேஆகர், ஸ்ரீவர்தன் பக்கம் பாக்குத் தோப்புக்குள் இருக்கும் வீடுகளிலேயே தங்கலாம், முன்கூட்டிச் சொன்னால் சமைத்தும் தருவார்கள். முதல் நாளுக்கு மட்டும் வீட்டிலிருந்து புளியோதரை. மற்ற நாளெல்லாம் அந்தந்த ஊர்ச் சாப்பாடு, தேங்காய்ப்பாலும் கோகமும் கலந்த சோல்கடி. ஹர்ணையில் சாயங்காலம் கரையிலேயே மீன் ஏலம் நடக்கும், எதிரே சுவர்ணதுர்க்கம். அந்த ஊரில் அப்பாவை அவசரப்படுத்தப் போவதில்லை.

ரத்னகிரியில் நான் கட்டாயம் என்று எழுதி வைத்திருப்பது திபா அரண்மனை. 1885இல் ஆங்கிலேயர் பர்மிய அரசர் திபாவைப் பிடித்து முதலில் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு இங்கே மாற்றினார்கள். அரண்மனை 1910இல்தான் முடிந்தது. 1916இல் திபா இந்த ஊரிலேயே இறந்தார். மாண்டலேயில் பிறந்தவர் முப்பது ஆண்டு அரபிக்கடலைப் பார்த்தபடி இருந்திருக்கிறார் என்பதை என் மகளுக்கு அந்த இடத்தில் நின்று சொல்ல ஆசை.

ரேவஸிலிருந்து ரெட்டி வரை தொடர்ச்சியான கடற்கரைச் சாலை என்பது அந்துலே மகாராஷ்டிர முதல்வராக இருந்த காலத்துக் கனவு. இப்போது கழிமுகங்களின் மேல் பாலம் கட்டும் திட்டம் நகரத் தொடங்கியிருக்கிறது. பிரசவத்துக்கும் பரீட்சைக்கும் படகை நம்பிக் காத்திருக்கும் கிராமத்தாருக்குப் பாலம் கட்டாயம் வர வேண்டும். வந்துவிட்டால், ஈரச் சிமெண்டுச் சரிவில் இரும்புப் பலகை இறங்க, மாம்பழ டெம்போவுக்கும் மீன்கூடைக்காரிக்கும் நடுவே காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு இறங்கி நின்று ஆற்றைக் கடப்பது இராது. அதனால்தான் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை. மழைக்காலத்தில் இந்தப் பாதையை நம்ப முடியாது, கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டம் தாங்காது. ஜனவரி நடுவில் கிளம்புகிறோம். திரும்பி வருவது மட்டும் ஹாத்கம்பாவில் ஏறி நெடுஞ்சாலை வழியாக.