மருந்துப் பட்டியலும் முதல் மணித்தியாலமும்

அறுபது வயதைக் கடந்த ஒருவரிடத்து நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய், மூட்டுவாதம் என நான்கைந்து நோய்கள் ஒருங்கே அமைதல் இன்று அரிதன்று. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிளினிக்; ஒவ்வொரு கிளினிக்கிலும் சில குளிசைகள். இவை யாவும் ஓருடலில் ஒன்றுசேர்கின்றன. ஒரு தாளில் ஒன்றுசேர்வதில்லை. பகலிலே புலப்படாத இக்குறை, நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவிலே உயிர்ப் பிரச்சினையாகி விடுகின்றது.

நினைவிழந்த தாயுடன் வரும் மகளின் கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதனுள்ளே ஓரங்கள் மடிந்த கிளினிக் கொப்பி, தனியார் வைத்தியரின் மருந்துத் துண்டு, எழுத்தழிந்த கடதாசி உறைகள். என்ன மருந்து எனக் கேட்டால், "பிரஷருக்கு ஒண்டு, சீனிக்கு ரெண்டு, மற்றது என்னத்துக்கெண்டு தெரியாது, டொக்டர்" என்பாள். அது அவளது குற்றமன்று. அதற்கு மேல் அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பட்டியல் கிடைக்கும் வரை சிகிச்சை காத்திருப்பதில்லை. சுவாசமும் குருதியோட்டமும் பேணப்படும். குருதியிலுள்ள சீனியின் அளவு உடன் பார்க்கப்படும். ஆயினும் அடுத்த அடியை எடுத்துவைக்கப் பட்டியல் வேண்டும். பதினைந்து மருந்துகளில் முதல் மணித்தியாலத்தின் போக்கை மாற்றுபவை சிலவே. தலையில் அடிபட்டவர் வார்பரின் உட்கொள்பவராயின், சிறு காயமும் மூளையிற் பெருங் குருதிப்பெருக்காகலாம். அற்றனலோல் உட்கொள்பவரின் நாடி, குருதியிழப்பின்போதும் விரையாதிருந்து வைத்தியரை ஏமாற்றலாம். சிறுநீரகம் பழுதுற்றவருக்குக் கிளிபென்கிளமைட்டினாற் சீனி குறைந்தால், குளுக்கோசு ஏற்றிக் கண்விழித்த பின்னரும் அது மீண்டும் குறையும். அவரை உடனே வீட்டுக்கு அனுப்புதல் ஆபத்து. நெடுங்காலம் பிரெட்னிசொலோன் உட்கொண்டவர் அதனைத் திடீரென நிறுத்தியிருப்பின், அந்நிறுத்தமே மயக்கத்தின் காரணமாகலாம்.

ஆகவே, எழுதப்பட்டது யாது என்பதோடு விழுங்கப்பட்டது யாது என்பதும் கேட்கப்படல் வேண்டும். இறுதி வேளை எப்போது? நிறுத்தப்பட்டது எது? அயலவர் கொடுத்த நோமருந்து உண்டா? நாட்டு மருந்து உண்டா? கொப்பியிலே காணப்படாத விடைகள் இவ்வினாக்களாலேயே வெளிவருகின்றன.

பெயர்க் குழப்பம் மற்றோர் இடர். ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களுடன் இரு இடங்களிலிருந்து வீட்டை அடையும். நோயாளி இரண்டையும் விழுங்குவார். 1971ஆம் ஆண்டிலே தாபிக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகள் அவற்றின் பொதுப் பெயராலேயே வழங்கப்படல் வேண்டும் என வலியுறுத்தினார். நாட்டின் செலவைக் குறைக்கும் வழியாகவே அது பெரிதும் பேசப்பட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பவருக்கோ, அது உயிர்காக்கும் ஒழுங்குமாகும்.

பரிகாரம் எளியது. மருந்தின் பொதுப் பெயர், அளவு, எந்நோய்க்கு என்பது, ஒவ்வாத மருந்து, நிறுத்தப்பட்ட மருந்தும் அதன் காரணமும் ஆகியன ஒரே தாளில், தெளிவான எழுத்தில் இருத்தல் வேண்டும். எந்நோய்க்கு என்பது வீட்டாருக்கு விளங்கும் மொழியிலும் அமைதல் நன்று. கிளினிக்குக்குப் போகுந்தோறும் அத்தாள் புதுப்பிக்கப்படல் வேண்டும். நெரிசல் மிகுந்த கிளினிக்கிலே இதற்குச் சில நிமிடங்களை ஒதுக்குதல் கடினமே. ஆனால் அங்கு மிச்சம்பிடிக்கப்படும் நிமிடங்களுக்கான விலையை, நள்ளிரவில் வேறொரு வைத்தியரும் அந்நோயாளியுமே செலுத்துகின்றனர்.