பிஞ்சு நெஞ்சில் ஒரு பாறை

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் உலகறிந்தது. எனினும் அங்கு நுழையும் மாலுமி கண்ணை மட்டும் நம்பிக் கலத்தைச் செலுத்துவதில்லை. நீருக்குள் ஒலியை அனுப்பி, அது தரையிற் பட்டு மீளும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அளக்கிறான். அதே எதிரொலியே இன்று துறைமுகத் தொழிலாளி ஒருவனின் கைக்குழந்தையின் இதயத்தினுள்ளும் தடை உண்டோ எனத் தேடுகிறது. இது வெறும் உவமையன்று. 1953இல் சுவீடன் நாட்டு வைத்தியர் எட்லரும் பௌதிகவியலாளர் ஹேர்ட்சும் இதயத்தை ஒலியால் ஆராய முற்பட்டபோது, மல்மோ நகரின் கப்பல் கட்டுந் தளத்தில் உலோகக் குறைகளைக் கண்டறிய வைத்திருந்த கருவியையே இரவல் பெற்றனர்.

குழந்தைகளின் இதயத்தில் கட்டி தோன்றுவது அரிது. தோன்றுவனவற்றுட் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மிகுதியாகக் காணப்படுவது றப்டோமயோமா. இது பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும். டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்னும் மரபணு நோயோடு சேர்ந்தும் வரும். வியப்பு யாதெனில், குழந்தை வளர வளர இக்கட்டி பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடுகிறது. பைப்ரோமா என்பதோ பெரும்பாலும் தனிக் கட்டி. அது தானாகச் சுருங்குவது அரிது.

குருதியின் வழியைக் கட்டி அடைத்தாலோ, இதயத்துடிப்பின் ஒழுங்கு ஆபத்தான வகையிற் குலைந்தாலோ சத்திரசிகிச்சை தேவையாகிறது. 1953இல் அமெரிக்கரான ஜோன் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைத் திறந்து வெற்றி கண்டார். அவ்வழி வந்த முறையினாலேயே இன்று பச்சிளங் குழந்தையின் இதயத்தையும் சிறிது நேரம் நிறுத்திக் கட்டியை அகற்ற முடிகிறது. றப்டோமயோமாவாயின் முழுவதையும் அகற்ற வேண்டுமென்பதில்லை. வால்வுக்கோ தசைக்கோ ஊறு நேருமெனின், வழியை மறிக்கும் பகுதியை மட்டும் எடுத்து எஞ்சியதை விட்டுவிடலாம். அண்மைக் காலத்தில் எவரோலிமஸ் என்னும் மருந்தும் சில குழந்தைகளில் இக்கட்டியைச் சுருக்கியிருக்கிறது.

தடையேதும் இல்லாவிடின் வைத்தியர் சொல்வது, "பொறுத்திருந்து பார்ப்போம்" என்பதே. கட்டி என்ற சொல்லிலேயே கலங்கி நிற்கும் தகப்பனுக்கு இவ்விடை கைவிடுதலாகவே ஒலிக்கக்கூடும். குழந்தை சிரித்து விளையாடினாலோ, மறுபரிசோதனை எதற்கென்றும் அவன் எண்ணக்கூடும். சிறுவர் இதய சத்திரசிகிச்சை நடைபெறும் கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒவ்வொரு பயணமும் நாட்கூலியை விழுங்கும். ஆனால் இங்கே பொறுத்தல் என்பது சும்மா இருத்தலன்று; காவல் இருத்தல். காவல் தவறினால், வளரும் தடையை எவரும் காணார்.

இவ்வேறுபாட்டை அத்தகப்பனுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அம்மரபுக்கு உரியவர்கள், கத்தி ஏன் காத்திருக்கிறது என்பதை ஒரு தகப்பனுக்குத் தமிழிற் சொல்லத் தயங்கலாகாது.